கடலடி வடமும் கரைக்குரியோரும்

(ஆதம்பாக்கம் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இவ்வூர்த் தாய் ஒருத்தி சிங்கப்பூரிலுள்ள தன் மகனோடு கைப்பேசியில் பேசுகிறாள். அவள் குரல் வானத்து வழியே செல்வதாகவே பலரும் எண்ணுகின்றனர். அன்று! கண்டங்களுக்கிடையே ஓடும் இணையச் செய்திகளுள் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டவை கடலடி வடங்களின் வழியே செல்வன. ஆழ்கடலில் அவ்வடத்தின் பருமன், தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயின் பருமனே. அதனுள் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள். அவற்றுள் ஓடும் ஒளியே அத்தாயின் குரல்.

சென்னைக் கரைக்கு இது புதிதன்று. 1870-71-இலேயே ஆங்கிலக் குழுமமொன்று சென்னையிலிருந்து பினாங்கிற்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்தி வடம் இட்டது. 1914 ஆகத்து 5-ஆம் நாள், போர் மூண்ட மறுநாளே, ஆங்கிலேயர் செருமானியரின் கடலடி வடங்களை அறுத்தெறிந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவில் 'எம்டன்' சென்னையைச் சுட்டு எண்ணெய்க் கொள்கலன்களை எரித்த கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே கப்பல் நவம்பர் 9-இல் கோக்கோசுத் தீவில் ஆள்களை இறக்கித் தந்தி நிலையத்தை அழித்து வடத்தை வெட்டியதையும், அங்கேயே 'சிட்னி' என்னும் ஆத்திரேலியப் போர்க்கப்பலால் அழிந்ததையும் அறிந்தோர் சிலரே. எண்ணெய் எரிந்தால் ஊரே பார்க்கும். வடம் அறுந்தால் யார் பார்ப்பார்?

இன்றும் அதே நிலைதான். 2024 பிப்பிரவரியில் ஏமனின் ஊத்திப் படையினர் தாக்கிய 'உரூபிமார்' என்னும் கப்பல், நங்கூரத்தை இழுத்தபடி மிதந்து சென்றதால் செங்கடலில் மூன்று வடங்கள் அறுந்தன என்று கருதப்படுகிறது. 2025 செப்டம்பரில் மீண்டும் அக்கடலில் வடங்கள் அறுந்து, இந்தியாவிலும் பாக்கித்தானிலும் இணையம் தளர்ந்தது. மும்பையின் வடங்களுள் பல செங்கடல் வழியே மேற்கு நோக்குவன. சென்னையினுடையவை பெரும்பாலும் கிழக்கே சிங்கப்பூரை நோக்குவன. மேற்கு வழி அடைபடுந்தோறும் சுமை தமிழ்க் கடலின்மேல் ஏறுகிறது.

ஆனால் இக்கரையில் தமிழ்நாட்டிற்கு என்ன உரிமை? அரசியற் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியல், 31-ஆம் பதிவைப் பாருங்கள். அஞ்சல், தந்தி, தொலைப்பேசி, அவை போன்ற பிற தொடர்புகள் யாவும் தில்லிக்கே! 2022 இறுதியில் இந்தியாவில் 14 நிலையங்களில் 17 பன்னாட்டு வடங்கள் கரையேறின. அந்நிலையங்கள் அமைந்த ஐந்து நகரங்களுள் சென்னையும் தூத்துக்குடியும் அடங்கும். எனினும் வடம் செப்பனிட இந்தியாவுக்கென ஒரு கப்பலும் இல்லை என்பது 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரை அளித்தபோது வெளிப்பட்ட உண்மை. அயல்நாட்டுக் கப்பல் வரவேண்டும். அது பணிதொடங்கத் தில்லியின் பல துறைகள் இசைவு தரவேண்டும். நோயாளி இங்கே; மருத்துவன் கடலுக்கப்பால்; அவனுக்கு வழிவிடுவோன் தில்லியில்! 2020-இல் தொடங்கப்பெற்ற சென்னை-அந்தமான் வடம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி உருபா. அதனையும் சப்பானிய நிறுவனமே செய்து இட்டது.

வடங்களை அறுப்போர் எல்லாரும் பகைவரல்லர். பெரும்பாலான அறுவைகள் மீன்பிடிப்பாலும் நங்கூரத்தாலும் நேர்வன. அதனால் ஆத்திரேலியா, சிட்னி, பெர்த்து நகரங்களின் கடற்புறத்தே காப்பு வட்டாரங்கள் வகுத்து, அங்கு நங்கூரமிடுதலையும் இழுவை வலையையும் தடுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடே. ஆனால் நொச்சிக்குப்பத்தையும் ஊரூர்க் குப்பத்தையும் கேளாமல் தில்லியில் கோடு கிழித்தால், அது காப்பாகாது; கடற்பறிப்பாகும். கடலடியை வாரிச் செல்லும் பெரும் இழுவைப் படகும், கரையோரம் வலைவீசும் சிறு படகும் ஒன்றல்ல. கடலுக்குள் பார் எங்குள்ளது, சேறு எங்குள்ளது என்பதைக் கரைக்குறி பார்த்தே சொல்லும் மீனவனைவிட நல்ல காவலன் யார்?

இன்னொன்றும் உண்டு, கசப்பானது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். மே 23-இல் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. நங்கூரம் அறுக்கவில்லை; பகைக்கப்பல் வரவில்லை. தமிழ்நாட்டரசின் உள்துறை ஆணை ஒன்று போதியதாயிற்று! 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்கீழ் 2017-இல் வகுத்த விதிகள் அவ்வுரிமையை மாநிலத்திற்கு அளித்திருந்தன. 2024-இன் புது விதிகளும் அளிக்கின்றன. வடத்தைக் காக்கும் உரிமை மாநிலத்திற்கு இல்லை; வாயடைக்கும் உரிமை மட்டும் உண்டு!

ஆகவே, சட்டமன்றம் இரண்டையும் ஒருசேர எழுப்பவேண்டும். சென்னைத் துறைமுகத்தில் செப்பக் கப்பலொன்று நிலையாக நிற்கவேண்டும்; காப்பு வட்டாரம் வகுக்கும் அவையில் மீனவர் அமரவேண்டும்; வடம் செல்லும் வழி தமிழில் அச்சாகி ஒவ்வொரு குப்பத்திற்கும் சேரவேண்டும்; மக்களின் இணையத்தை நிறுத்தும் ஆணை எதுவாயினும், அன்றே காரணத்தோடு தமிழில் வெளியிடப்படவேண்டும்.