அம்புலன்ஸ் ஓட்டுபவரும் தொழிலாளிதான்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று இந்த மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று அம்புலன்ஸ் வண்டியில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தோட்டத்து அம்புலன்ஸை ஓட்டுகிறவர் நம்மைப் போலவே தோட்ட நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர். 1990 என்று அழைத்தால் வருகிற சுவசெரிய வண்டியில் ஒரு சாரதியும் ஒரு அவசர மருத்துவ உதவியாளரும் வருகிறார்கள். நடுச்சாமத்தில் நமது பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களின் உயிர் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

சுவசெரிய 2016 ஜூலையில் இந்தியாவின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிப்போன மலையகத்துக்கு இந்த இலவசச் சேவை எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வண்டி வந்ததைப் பார்த்த நாம், அதை ஓட்டி வந்தவர் எத்தனை மணிநேரமாக விழித்திருக்கிறார் என்று கேட்டதில்லை.

தோழர்களே, 24 மணிநேரம் தூங்காத ஒருவரின் கண்ணும் கையும், இரத்தத்தில் 0.10 வீத மதுசாரம் உள்ளவரைப் போலத் தடுமாறும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நமது நாட்டில் சாரதிக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08 வீதம். குடித்துவிட்டு ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். பகலெல்லாம் லொறி ஓட்டிவிட்டு, இரவில் நோயாளியோடு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய், விடிந்ததும் மறுபடி வேலைக்கு நிற்கிறவரை "நல்ல உழைப்பாளி" என்று பாராட்டுகிறோம். அந்த மலைப்பாதை வளைவுகளில் அவர் கண்ணயர்ந்தால் யார் பொறுப்பு?

உடம்புக் களைப்பு ஒரு பக்கம். மனச்சோர்வு இன்னொரு பக்கம். உலக சுகாதார அமைப்பு 2019இல் பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த நிலை என்று வரையறுத்தது. சக்தி வற்றிப்போதல், வேலைமீது வெறுப்பும் விலகலும், செய்கிற வேலையில் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வண்டிக்குள்ளேயே ஒரு குழந்தை இறந்துபோனால், வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போக வேண்டியவர் அவர். அவர் எரிந்து விழுந்தால் "திமிர் பிடித்தவன்" என்கிறோம். அது திமிரல்ல, ஓய்வில்லாத வேலையின் விளைவு.

வாரத்துக்கு 55 மணிநேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து, 35 முதல் 40 மணிநேரம் வேலை செய்கிறவர்களைவிட 35 வீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் அறிவித்தன. நோயாளியைக் கொண்டுபோகிறவரே நோயாளி ஆகிறார்.

உயிர் காக்கும் வேலையில் இருப்பவர்கள் போராட முடியுமா? முடியும். பிரித்தானியாவில் 1989 செப்டெம்பரில் அம்புலன்ஸ் தொழிலாளர் மேலதிக நேர வேலையை மறுத்துப் போராட்டம் தொடங்கினார்கள். அரசாங்கம் பொலிஸையும் இராணுவத்தையும் இறக்கியது. தொழிலாளரோ அவசர நோயாளிகளைக் கைவிட மாட்டோம் என்று நின்றார்கள். அதனால் மக்கள் அவர்கள் பக்கம் வந்தார்கள். 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையொப்பமிட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் 1990இல், முதலில் தருவதாகச் சொன்னதைவிடக் கூடிய சம்பள உயர்வை வென்றார்கள். மக்கள் துணை நின்றதால்தான் அது முடிந்தது. இங்கே அந்த மக்கள் நாம்தான்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. ஒரே சாரதியைப் பகலும் இரவும் வைத்திருக்கக் கூடாது. அம்புலன்ஸுக்கு இரண்டாவது சாரதி வேண்டும். இரவுப் பயணம் போனவருக்கு மறுநாள் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும். மேலதிக நேரத்தை எழுத்தில் பதிந்து கொடுப்பனவு தர வேண்டும். ஒரு மரணத்தைக் கண்டு வந்தவருக்கு உடனே அடுத்த பயணத்தைத் தரக் கூடாது.

நமக்கும் கடமை உண்டு. அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம் மூன்றையும் சொல்லுங்கள். பிரதான பாதைச் சந்தியில் டோர்ச் லைட்டுடன் ஒருவரை நிறுத்துங்கள். வண்டி பிந்தினால் சாரதிமேல் கை வைக்காதீர்கள். ஏன் பிந்தியது என்று எழுதிச் சங்கக் காரியாலயத்துக்குக் கொடுங்கள். ஆள் போதாமல் பிந்தியதா, பாதை உடைந்து பிந்தியதா என்ற கணக்கு நம் கையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தை மேசையில் பேச முடியும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்து அம்புலன்ஸ் சாரதியையும் அழைத்து வாருங்கள். அவர் பேசட்டும், நாம் கேட்போம்.