நாலு சுவர் போதாது, நாலு பேர் வேண்டும்

('வாடகைக்கு வீடு தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது வீட்டையா, வட்டாரத்தையா?' எனும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி அரங்கில், 'வட்டாரத்தையே' எனும் அணியில் கெப்பாலா பத்தாஸ் பேச்சாளர் ஆற்றிய உரை)



எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். மூன்று அறை வேண்டும், கூரை ஒழுகக்கூடாது, வாடகை கைக்கு அடங்க வேண்டும் என்று பட்டியல் போட்டார். ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால், ஒழுகும் கூரையை ஒரே நாளில் அடைத்துவிடலாம். வேலையிடத்துக்கு வெகுதூரத்தில் இருக்கும் தாமானை யாராவது இழுத்துவந்து பக்கத்தில் வைக்க முடியுமா? (கைதட்டல்)

பாலத்துக்கு எந்தப் பக்கம்?

ஈப்போவிலிருந்து ஓர் இளைஞர் பினாங்குக்கு வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். தீவில் வாடகை அதிகம். எங்கள் கெப்பாலா பத்தாஸில் அதே பணத்துக்குத் தனியாக வரிசை வீடே கிடைக்கும். மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுகிறார். எதிரணி சொன்ன அத்தனையும் அந்த வீட்டில் இருக்கிறது.

மறுநாள் காலையில்தான் கணக்கு தொடங்குகிறது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். அதில் பாலம் மட்டும் 13.5 கிலோமீட்டர். 2020 பிப்ரவரியில் குறைக்கப்பட்ட பிறகும், தீவுக்குப் போகும் காருக்கு டோல் 5 வெள்ளி 74 காசு. மாதம் 22 நாள் என்றால் 126 வெள்ளி. எண்ணெய்ச் செலவு தனி. நெரிசலில் போகும் நேரத்துக்கு யார் விலை போடுவது? மோட்டார்சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் பாலத்தில் டோல் இல்லை, உண்மைதான். ஆனால் மழையிலும் காற்றிலும் கடல் நடுவே மோட்டார் ஓட்டும் மகனை நினைத்து வீட்டில் அம்மா தூங்குவாரா? பெரியில் காரை ஏற்றிக்கொண்டு போன காலமும் 2020ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இப்போதைய பெரியில் கார் ஏற முடியாது.

அதற்காக நான் என் ஊரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அதே இளைஞருக்கு பெர்த்தாமில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திலோ, சுங்கை பட்டாணியிலோ வேலை என்றால், கெப்பாலா பத்தாஸ் அவருக்குத் தங்கமான ஊர். வீடும் மாறவில்லை, வாடகையும் மாறவில்லை. ஆனால் ஒருவருக்கு அது வரம், மற்றவருக்கு அது தண்டனை. அப்படியானால் தீர்மானிப்பது எது? வீடா, வட்டாரமா?

வீட்டில் இருப்பவர் கணக்கு

இன்னொன்றையும் எதிரணியினர் மறந்துவிட்டார்கள். வீடு பார்க்கப் போவது சம்பாதிப்பவர். அந்த வட்டாரத்தில் நாள் முழுதும் வாழ்வது மனைவி, பிள்ளை, வயதான பெற்றோர். கார் அவரோடு போய்விடும். மற்றவர்களுக்குக் கடை எங்கே, கிளினிக் எங்கே, பேருந்து எங்கே? இரயில் இருக்கிறதே என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கெப்பாலா பத்தாஸில் இரயில் நிலையம் இல்லை. தாசேக் குளுகோருக்குத்தான் போக வேண்டும். அங்கே போவதற்கும் ஒரு வாகனம் வேண்டும்!

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதைவிட முக்கியம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தீவில் இராமகிருஷ்ணா, இராஜாஜி. பட்டர்வொர்த்தில் மாக் மண்டின். எங்கள் பக்கம் பழனியாண்டி. வீட்டை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு பள்ளியைத் தேடினால் என்ன ஆகிறது? "தூரமாக இருக்கிறது, வேன் கிடைக்கவில்லை" என்று சொல்லிப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கிறோம். மொழி மீது வெறுப்பு வந்து யாரும் தமிழ்ப்பள்ளியை விடவில்லை, நடுவர் அவர்களே. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே, தெரியாமல் அந்த முடிவையும் எடுத்துவிடுகிறோம்.

சரித்திரம் சொல்வது

நம் தாத்தா பாட்டி வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தோட்டத்தில் வேலை கொடுத்தவர் லயத்து வீட்டையும் கொடுத்தார். வேலை போனபோது வீடும் போனது. இன்று வீடமைப்புப் பகுதியாக நிற்கும் பெர்த்தாமும் ஒரு காலத்தில் தோட்ட மண்தான். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பிளாட்டில் குடியேறியபோது, லயத்தை விட வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோயில், பள்ளி, பால்வாடி, அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓடிவரும் அண்டை வீடு ஆகியவை கூடவே வரவில்லை.

ஜார்ஜ்டவுனில் நடந்ததையும் பாருங்கள். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1997இல் நிறைவேறிய சட்டத்தால் அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது, பரம்பரையாகக் கடை வீடுகளில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்கள் பாதுகாக்கப்பட்டன. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்த எத்தனையோ பேர் அப்போது அங்கே இல்லை. வீடு நிற்க, வட்டாரம் கலைந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"இந்தியர்களுக்கு இல்லை"

எதிரணியிடம் ஒரு பலமான வாதம் இருக்கிறது. அவர்கள் சொல்லாவிட்டாலும் நானே சொல்கிறேன். "வட்டாரத்தை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரத்திலேயே போடுகிறார்களே! கிடைத்த வீட்டுக்குத்தானே போக முடியும்?"

இந்த வேதனை உண்மை. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி சமத்துவத்தைப் பேசுகிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, தனி ஆள் தன் வீட்டை யாருக்கு விடுவது என்பதைத் தொடுவதில்லை. இதற்குச் சட்டம் வேண்டும் என்று நாம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே வேளையில், வாடகை பாக்கி வைத்து, வீட்டைச் சீரழித்துவிட்டு இரவோடு இரவாகப் போகிறவர், அடுத்து வரும் பத்துப் பேரின் கதவையும் சாத்திவிட்டுப் போகிறார் என்பதையும் நமக்குள் பேச வேண்டும்.

ஆனால் மூடிய கதவைத் திறப்பது எது? பணம் மட்டும் அன்று. "இவர் நல்ல குடும்பம், எனக்குத் தெரியும்" என்று வீட்டுக்காரரிடம் ஒருவர் சொல்லும் சொல். அதைச் சொல்பவர் மளிகைக் கடைக்காரராக இருக்கலாம், கோயில் நிர்வாகியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மலாய் அம்மாவாக, சீன டவுக்கேயாக இருக்கலாம். ஆகவே, முகவரிடம் போகும் முன் வட்டாரத்துக்குப் போங்கள். நம் ஆட்கள் இருக்கும் இடம் மட்டுமே நல்ல வட்டாரம் என்று நான் சொல்லவில்லை. நம்மை ஆளாக மதிக்கும் இடமே நல்ல வட்டாரம்.

மூன்று முறை போய்ப் பாருங்கள்

எப்படிப் பார்ப்பது? மூன்று முறை போக வேண்டும். வேலை நாள் காலை ஏழு மணிக்கு ஒரு முறை, சாலை எப்படி என்று தெரியும். இரவு பத்து மணிக்கு ஒரு முறை, தெருவிளக்கும் கூட்டமும் தெரியும். பலத்த மழைக்குப் பின் ஒரு முறை, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். 2017 நவம்பர் 4, 5ஆம் தேதி வெள்ளம் தீவையும் விடவில்லை, செபராங் பிறையையும் விடவில்லை. "இந்தத் தெருவில் அப்போது தண்ணீர் எதுவரை வந்தது?" என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். முகவர் சொல்லமாட்டார். பாட்டி சொல்வார்! (சிரிப்பு)

பிறகு ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு வைப்புத்தொகை என்பது வழக்கம். எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. புதிய ஊர் என்றால் முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் வேண்டாம். வட்டாரம் ஒத்துவந்தால் நீட்டிக்கலாம்.

நடுவர் அவர்களே, மலாயில் 'கெப்பாலா' என்றால் தலை, 'பத்தாஸ்' என்றால் வரப்பு. வயலை வாங்குகிற விவசாயி வரப்பில் நின்று நாலு திசையும் பார்ப்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அண்டை வயல்காரர் யார் என்று விசாரித்த பிறகுதான் மண்ணைத் தொடுவார். வாடகை வீடு தேடுகிறவரும் அதைத்தான் செய்ய வேண்டும். வீட்டில் குறை இருந்தால் அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். வட்டாரம் தவறினால் பள்ளி, வேலை, உறவு எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது வட்டாரத்தையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.