அடுப்பங்கரைக் காற்று

கூடங்குளம் என்றதும் நேயர்களின் மனக்கண்முன் எழுவது கடற்கரையில் நிற்கும் அணு உலைக் கட்டடங்களாகவே இருக்கும். 2011ஆம் ஆண்டில் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்த பிறகு, பக்கத்து இடிந்தகரையில் திரண்ட மக்களின் அச்சத்தையும் நாடு அறியும். அந்த அச்சத்தை எடைபோட நான் வரவில்லை. அது தனிப் பேச்சுக்குரியது. உலையைச் சுற்றியுள்ள காற்றையும் கடல்நீரையும் மண்ணையும் சோதிக்க அங்கே ஓர் ஆய்வகம் இருக்கிறது. அதன் முடிவுகளை நம்புவோரும் உண்டு, ஐயுறுவோரும் உண்டு. ஆனால் அதே வட்டாரத்து அடுப்பங்கரைகளில் நிற்கும் காற்றைப் பற்றி வாதிடுவார் ஒருவரையும் நான் கண்டதில்லை. இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தக் காற்றைத்தான்.

எங்கள் பக்கத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று, முப்பந்தலிலும் இராதாபுரம் வட்டத்திலும் எண்ணற்ற காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்கு வெறும் பழமொழி அன்று. இத்தனை காற்று வீசும் ஊரில் புகை தங்குமா என்று கேட்பீர்கள். தங்கும். காற்று மிகுந்தால் அடுப்பு அலையும், சோற்றில் மணல் விழும். ஆகவே பெண்கள் காற்று வரும் பக்கத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே மரம் முறியும் காற்று; உள்ளே கண் திறக்கவொட்டாத புகை.

என் தாயார் விடிலியில் கருப்பட்டி காய்ச்சியவர். விடிலி என்பது பதநீர் காய்ச்சுவதற்காகப் பனங்காட்டில் ஓலையால் கட்டிய குடில். பங்குனியில் தொடங்கும் பருவம் ஆடி வரை நீளும். தந்தையார் இறக்கி வரும் பதநீரை ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் வைத்து எரிப்பார். பதம் வரப் பல மணி நேரம் ஆகும். நடுவில் எழுந்து போனால் பொங்கிவிடும், அல்லது அடிபிடிக்கும். பாகைச் சிரட்டைகளில் ஊற்றி முடிக்கும்போது அவர் கண்கள் சிவந்திருக்கும். பானையை வழித்துத் தின்னக் காத்திருந்த எங்களுக்கு அந்தக் கண்களைப் பார்க்க ஏது நேரம்?

ஐம்பத்தைந்து வயதுக்குள் அவருக்கு மூச்சு இளைப்பு வந்துவிட்டது. பரிசோதித்த மருத்துவர், “புகை பிடிக்கும் பழக்கம் உண்டா?” என்று வழக்கம்போல் கேட்டார். தாயார் சிரித்துவிட்டார். “நான் எங்கேய்யா பிடிச்சேன்? அதுல்லா என்னைப் பிடிச்சிருக்கு” என்றார். நான் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவன். அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம் அது.

எனக்குத்தான் தோன்றவில்லை, அறிஞர் சிலர் முன்னமே அளக்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில், இந்திய ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே கருவியைப் பொருத்தி அளந்தார். தமிழ்நாட்டில் இப்பணியை விரிவாகச் செய்தவர் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். அவரும் குழுவினரும் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்த கணக்கு 2002இல் வெளிவந்தது. விறகடுப்பு எரியும் நேரத்தில், நுரையீரலின் உட்புறம் செல்லத்தக்க நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைக்கும் பெண் ஒரு நாள் முழுவதும் சுவாசித்ததன் சராசரி 231. அதே வகை வீட்டில் சமையலில் ஈடுபடாதவருக்கு 90.

இந்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் ஒரு நாளைக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்றது. அவர்கள் அளந்த துகள் சற்றே பெரிய அளவையும் உட்கொண்டது. ஆயினும் வேறுபாடு எத்தகையது என்பது விளங்கும். 2.5 மைக்ரான் என்பது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. அது காற்றறைகள் வரை சென்று தங்கிவிடுகிறது.

கேடு தாயோடு நிற்கிறதா? அதே குழுவினர் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். கர்ப்ப காலத்தில் சுவாசிக்கும் காற்றில் துகள் 10 மைக்ரோகிராம் கூடுந்தோறும் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைந்து காணப்பட்டதாம். 4 கிராம் அற்பமாகத் தோன்றும். அடுப்புப் புகையில் அந்தப் பத்து எத்தனை முறை அடங்கியிருக்கிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எரிவாயு கொடுத்துவிட்டால் முடிந்ததல்லவா என்று நானும் எண்ணியிருந்தேன். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். நம் பங்குக்கு விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடந்தது. எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த துகள் 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 71. ஆனால் 2022இல் வெளியான முடிவில், குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கர்ப்பமான பிறகு அடுப்பை மாற்றுவது காலம் கடந்த செயலோ, வேறு காரணமோ, ஆராய்ச்சியாளர் இன்னும் விவாதிக்கிறார்கள். தமக்கு உகந்த முடிவு வராதபோதும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதனாலேயே அவர்களுடைய மற்றக் கணக்குகளை நான் நம்புகிறேன்.

என் தங்கை வீட்டிலும் எரிவாயு அடுப்பு இருக்கிறது. காப்பிக்கும் குழம்புக்கும் அது. வெந்நீருக்கும் சோற்றுக்கும் பின்கட்டில் விறகுதான். சிலிண்டர் விலையைச் சொல்லி அவள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்ற ஆடியில் போயிருந்தபோது, காற்றுக்கு மறைவான கிழக்குச் சுவரில், கூரையை ஒட்டி, ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு வைக்கச் செய்தேன். மேற்குக் கதவு சாத்தியே இருந்தது. நெருப்பு அலையவில்லை. “பாதிப் புகை போகுது அண்ணாச்சி” என்றாள்.