கச்சான் மணியும் நுண்போசணையும்

கச்சான், மணற்பாங்கான நிலத்தை விரும்பும் பயிர். முல்லைத்தீவுப் பகுதியில் அது பெயர்பெற்று விளைவதற்கும் அந்த மண்ணே காரணம். ஆயின் மணலுக்கு ஒரு குறையுண்டு. மழைநீரோடு சேர்ந்து போரன் என்னும் மூலகம் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அத்தகைய நிலத்திலே செடி பச்சைப்பசேலெனப் படர்ந்து நிற்கும். கமக்காரன் மனமும் குளிர்ந்திருக்கும். அறுவடை நாளில் கோதை உடைத்து, மணியை இரண்டாகப் பிளந்து பார்த்தாலே குறை தெரியவரும். பருப்பின் உட்புறம் குழிந்து, கபில நிறமாயிருக்கும். இது பூச்சியின் வேலையன்று. போரன் போதாமையின் அடையாளம். அந்த மணிக்குச் சந்தையிலே என்ன விலை கிடைக்கும்?

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்ற மூன்றையும் கமக்காரர் யாவரும் அறிவர். போரன், நாகம், இரும்பு முதலியனவோ கறிக்கு உப்பைப் போன்றவை. வேண்டிய அளவு மிகச் சிறிது; இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை. 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கதரீன் வாரிங்ரன் என்னும் அம்மையார் போரன் இன்றி அவரையினச் செடியொன்று வாழாதெனக் காட்டினார். 1926இல் அமெரிக்காவிலே சொமர், லிப்மன் என்னும் இருவர், எண்ணெய் வித்துப் பயிராகிய சூரியகாந்திக்குப் போரனும் நாகமும் இன்றியமையாதன என நிறுவினர்.

முன்னாளில் இட்ட சாதாரண சுப்பர் பொசுபேற்றிலே, எண்ணெய் வித்துகளுக்கு மிக வேண்டிய கந்தகமும் சேர்ந்திருந்தது. செறிவு கூடிய பசளைகள் வந்தபின் அந்த இலவசக் கொடை குறைந்துபோயிற்று. பொசுபேற்றை அளவுமீறி இட்டால் செடி நாகத்தைப் பெறுவதும் தடைப்படும். விளைவு குறைகிறதென்று மேலும் ஒரு மூடை போடுபவர், நோயைத் தாமே வளர்க்கிறார்.

ஏக்கருக்கு வேண்டிய வெண்காரம் 3 அல்லது 4 கிலோகிராம் அளவேயாகும். அதனைக் கையால் ஒரு சீராகத் தூவுதல் எளிதன்று. ஓரிடத்திலே கூடிவிட்டால் இலையோரம் கருகும். நுண்போசணை சேர்த்த பசளையின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. பெரும் பசளையின் ஒவ்வொரு மணியோடும் சிறிதளவு போரன் ஒட்டியிருப்பதால், அது வயல் முழுதும் பரவிச் சேர்கின்றது. அந்தப் பொதியை வாங்கியவர் தனியே வெண்காரமும் இடுதல் ஆகாது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நிலத்தின் கதை வேறு. அங்கே இரும்பு மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். அன்னபேதியை அந்த மண்ணில் இட்டால் அதுவும் சுண்ணாம்போடு கட்டுண்டு கிடக்கும். 100 லீற்றர் நீரில் அரைக் கிலோகிராம் அன்னபேதியைக் கரைத்து, மாலை வேளையில் இலைமேல் தெளித்தலே தக்கது.

ஆகவே பொதியின் நிறத்தையும் படத்தையும் பார்த்து வாங்குதல் வீண்செலவு. முதலில் மண்ணைப் பரிசோதிப்பித்து, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். புதுப் பசளையை இடும்போது நாலு வரிசையை வழக்கமான பசளையோடு மட்டும் விட்டுவைக்கலாம். அறுவடையின்போது இரு பகுதியையும் வெவ்வேறாக நிறுத்து, ஒவ்வொன்றிலும் நூறு மணியைப் பிளந்து, குழிவிழுந்தவற்றை எண்ணிப் பார்த்தால், அடுத்த போகத்துக்கு அந்தப் பசளை வேண்டுமா என்பது கமக்காரனுக்கே தெரிந்துவிடும்.