பள்ளி மூடிய நாளில் வீட்டுக்கு வரும் செய்தி

கம்போங் ராஜா வட்டாரத்திலும் கேமரன் மலையின் மற்றத் தேயிலைத் தோட்டங்களிலும் பிள்ளைகளைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பிவரும் பெற்றோர்களுக்காக இன்றைய பேச்சு. நோய் பரவிப் பள்ளி மூடப்படும்போது, பள்ளியின் செய்தி வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது, வராமற்போனால் யாருக்கு நட்டம் என்பதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தோட்டப் பள்ளிகளின் தொடக்கம் நமக்குத் தெரிந்ததே. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அப்படி எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் லயத்துக்கு அருகிலேயே இருந்தன. பள்ளியின் செய்தி நடந்தே வீட்டுக்கு வந்தது. நாளைக்கு விடுமுறை என்பதைப் பிள்ளை வாயால் சொல்லும். சுற்றறிக்கை புத்தகப் பையில் வரும். ஆசிரியரைக் கடைவீதியிலோ கோயில் திருவிழாவிலோ பார்த்து, "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அந்த வழி திறந்தே இருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அந்த வழி அடைபட்டது. உலகத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் கல்வி அப்போது தடைப்பட்டது என்று ஐக்கிய நாட்டு நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் 2020 ஜூலை 15ஆம் நாளும், முதலாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை உள்ளவர்கள் ஜூலை 22ஆம் நாளும் பள்ளிக்குத் திரும்பினார்கள். நவம்பரில் மீண்டும் மூடினார்கள். 2021 மார்ச்சில் திறந்தார்கள். ஜூனில் முழு முடக்கம் வந்தது. அக்டோபரிலிருந்துதான் மாநில நிலைமைக்கேற்பப் பள்ளிகள் கட்டங்கட்டமாகத் திறந்தன.

இந்தத் தேதிகளை ஒரு சிறு குழந்தையின் கணக்கில் பாருங்கள். 2020 சனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் பழகிக்கொண்டிருந்த வேளையில் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. எழுத்தைக் கூட்டிப் படிக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளும் துண்டு துண்டாகக் கழிந்தன. ஆறாம் ஆண்டுப் பிள்ளை விட்ட பாடத்தைத் தானே புத்தகத்தைத் திறந்து படித்துக்கொள்ள முடியும். படிக்கவே தெரியாத பிள்ளை எதைத் திறந்து படிக்கும்? பெருந்தொற்றில் பெரிய நட்டம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான்.

வீட்டிலிருந்தே கற்றல் என்றார்கள். பாடமும் செய்தியும் கைப்பேசியில், வாட்சாப் குழுவில் வந்தன. ஆனால் 2020இல் கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில், நூற்றுக்கு 36.9 மாணவர்களிடம் கணினியோ கைப்பேசியோ எதுவுமே இல்லை என்று தெரிந்தது. சபாவில் பித்தாஸ் பகுதியைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், தேர்வு எழுத இணைய அலை கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்ததை 2020 ஜூன் மாதம் நாடே பார்த்தது. மலையும் பள்ளத்தாக்கும் சூழ்ந்த இடத்தில் அலை கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது காலையில் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்காட்டுக்குப் போய்விடும். மாலையில் அது திரும்பும்போது பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும்.

இந்தச் சிக்கல் உலகத்துக்குப் புதிதன்று. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்த அதிகாரிகள் வானொலி வழியாகப் பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு பாடமும் கால் மணி நேரம். எந்த வகுப்புக்கு எந்த நிலையத்தில், எத்தனை மணிக்குப் பாடம் என்ற விவரத்தைச் செய்தித்தாள்கள் அன்றன்றைக்கு அச்சிட்டன. பெற்றோர் சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் காத்திருந்தார்கள். அங்கும் வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும், பாடத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளும் பின்தங்கினார்கள்.

சிகாகோவில் பாடம் ஒரு வழியாகவும், பாடத்தைப் பற்றிய செய்தி இன்னொரு வழியாகவும், பெற்றோரின் கேள்வி மூன்றாவது வழியாகவும் போய் வந்தன. வழிகள் பலவாக இருந்தால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று உதவும். கைப்பேசி ஒன்றையே நம்பியிருந்த இடங்களில் அது இல்லாத வீடு இருளில் கிடந்தது. நம் நாட்டின் உட்பகுதிகள் பலவற்றில் ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை அச்சிட்டு வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் கல்வி அமைச்சு டிடிக் டிவி என்ற தொலைக்காட்சி அலைவரிசையையும் தொடங்கியது.

பெருந்தொற்றுக்கான உலக அவசரநிலை 2023 மே மாதம் முடிவுக்கு வந்தது என்றாலும், பள்ளி மூடுவது அதோடு முடிந்துவிடவில்லை. 2025 அக்டோபரில் சளிக்காய்ச்சல் பரவியபோது நாட்டில் சில பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. ஆகவே பெற்றோர்கள் இப்போதே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது.

முதலாவது, பள்ளியில் இரண்டு எண்களைக் கொடுத்து வையுங்கள். ஒன்று உங்களுடையது. மற்றொன்று பகலில் வீட்டில் இருக்கும் அக்கம்பக்கத்தார் ஒருவருடையது. எண் மாறினால் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, லயத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வந்த செய்தியை அவர் வீடு வீடாகச் சொல்லட்டும். ஒரு தாளில் எழுதி, கடையிலும் பிள்ளைக் காப்பகத்திலும் ஒட்டி வைக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதை முன்னின்று செய்யலாம்.

மூன்றாவது, செய்தி புரியாவிட்டால் கேளுங்கள். எந்த நாள், எந்த வகுப்பு, என்ன கொண்டுவர வேண்டும், காய்ச்சல் கண்ட பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். எழுத்து வாசிக்கச் சிரமம் என்றால், "சார், குரலில் பதிவு செய்து அனுப்புங்கள்" என்று கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, செய்தி இரு பக்கமும் போக வேண்டும். பாடம் வந்து சேரவில்லை என்றால் உடனே பள்ளிக்குச் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொல்லாதவரை, பாடம் கிடைத்துவிட்டது என்றுதான் ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது, வேலை முடிந்து வந்து, அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில் பிள்ளையை அருகில் உட்கார வைத்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் காது தெரியும். பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா, சரளமாகப் படிக்கிறதா என்பது கேட்டாலே விளங்கிவிடும். தடுமாறினால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இன்னொரு மாற்றத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2020இல் நடைபெறவில்லை. 2021இல் அது அடியோடு நீக்கப்பட்டது. முன்பெல்லாம் பிள்ளை பின்தங்கியிருப்பது அந்தத் தேர்வு முடிவிலாவது வீட்டுக்குத் தெரிந்தது. அது நின்றபின் வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை தருகிறார்கள். குறைந்தது மூன்றாம் நிலையை எட்ட வேண்டும். எனவே, "என் பிள்ளை தமிழில் எந்த நிலை, மலாயில் எந்த நிலை, கணிதத்தில் எந்த நிலை?" என்று ஆண்டுக்கு இருமுறையாவது பள்ளிக்குச் சென்று கேளுங்கள்.

2020இல் முதலாம் ஆண்டில் அமர்ந்த பிள்ளைகள் 2025இல் ஆறாம் ஆண்டை எட்டிவிட்டார்கள். இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் மலாய்மொழியில் நடக்கும். அடிப்படை வாசிப்பே ஆட்டம் காணும் பிள்ளை அங்கே பின்வரிசைக்குப் போய், மெல்லப் பள்ளியை விட்டே நின்றுவிடும். அப்படி நிற்கும் பிள்ளை தோட்டத்துக்கு வெளியே நல்ல வேலை தேடுவது கடினம். உங்கள் வீட்டில் இந்த வயதுப் பிள்ளை இருந்தால், இன்று இரவே ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறை தெரிந்தால் நாளைக்கே பள்ளிக்குப் போங்கள். பதின்மூன்று வயதில் வாசிப்பைச் சீர்செய்ய முடியும். பதினேழு வயதில் அது மிகவும் கடினமாகிவிடும்.