மருத்துவமனை மாற்றும்போது ஆம்புலன்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆம்புலன்ஸ் என்றதும் மலேசியர்களின் நினைவுக்கு வருவது 999 என்ற எண். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும், சாலையில் விபத்து நடந்தாலும் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஏற்கெனவே ஒரு மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியை இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது வேறு காரியம். சில வேளைகளில் மருத்துவமனையே வண்டியை ஏற்பாடு செய்து கொடுக்கிறது. சில வேளைகளில், "ஆம்புலன்ஸை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குடும்பத்தினரிடம் சொல்லிவிடுகிறார்கள். அப்போது அவர்கள் கையில் இருப்பது ஒரு கைத்தொலைபேசியும், யாரோ கொடுத்த இரண்டு மூன்று எண்களும்தான். பதற்றத்தில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு?" இரண்டாவது கேள்வி, "எப்போது வருவீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்பவை அந்த நான்கு. மருத்துவமனைக்குள் இந்த நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மாற்றும் பயணத்தில் அவை நான்கும் அந்தச் சிறிய வண்டிக்குள் இருந்தாக வேண்டும். எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இதுவே அடிப்படை விடை.

ஈப்போவிலிருந்து ஒரு பயணம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. அறுபது வயதைக் கடந்த தந்தை நுரையீரல் தொற்றால் சேர்க்கப்பட்டிருக்கிறார். முகமூடி வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் பிராண வாயு ஓடுகிறது. நாளுக்கு நாள் கட்டணம் ஏறுகிறது. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். தந்தையை அங்கேயே கொண்டுபோய்விடலாம் என்று முடிவெடுத்து ஆம்புலன்ஸ் தேடுகிறார்கள். ஒருவர் ஒரு விலை சொல்கிறார். இன்னொருவர் அதில் பாதி விலைக்கு வருவதாகச் சொல்கிறார். பாதி விலைக்கு வரும் வண்டியில் சைரன் இருக்கிறது, தூக்குப் படுக்கை இருக்கிறது, ஒரு பிராண வாயு உருளையும் இருக்கிறது. பார்ப்பதற்குக் குறை எதுவும் தெரியாது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஓர் உருளையில் ஏறக்குறைய 680 லிட்டர் வாயு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் அது 68 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கட்டிலிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றவே கால் மணி நேரம் போய்விடுகிறது. மீதி நேரத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வண்டி பீடோர் பக்கம் வந்திருக்கும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பாதி வழிகூட ஆகியிருக்காது. அந்த இடத்தில் உருளை காலியானால் சைரன் என்ன செய்யும்? வேகம் என்ன செய்யும்?

பயண நேரத்தை நிமிடத்தில் கணக்கிட்டு, ஒரு நிமிடத்துக்குத் தேவையான லிட்டரால் பெருக்கி, வருவதை இரண்டு மடங்காக்கிக் கொண்டுபோவது பாதுகாப்பான வழக்கம். ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் 1,500 லிட்டர். இரண்டு மடங்கு 3,000 லிட்டர். அதாவது அந்தச் சிறிய உருளையில் ஐந்து வேண்டும், அல்லது வண்டியிலேயே பொருத்திய பெரிய உருளை வேண்டும். நெரிசல், விபத்து, டயர் வெடிப்பு எதுவும் நேரலாம் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது மடங்கு.

மூன்று வகைப் பயணங்கள்

எல்லா நோயாளிக்கும் ஒரே வகை வண்டி தேவைப்படாது. நோயாளியின் நிலையைப் பொறுத்துப் பயணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, உடல்நிலை சீராக இருப்பவர். இரத்தச் சுத்திகரிப்புக்கோ உடற்பயிற்சி சிகிச்சைக்கோ போகிறவர், இடுப்பெலும்பு முறிந்து தேறி வருகிறவர் போன்றோர். இவர்களுக்குப் படுத்துச் செல்ல வசதியும், தூக்கி இறக்கத் தெரிந்த ஓர் உதவியாளரும் போதும். உட்கார்ந்து வர முடிந்தவராக இருந்து, மருத்துவரும் சம்மதித்தால் சொந்தக் காரே போதுமானது. இவருக்குத் தீவிர சிகிச்சை வண்டியை அமர்த்துவது வீண் செலவு.

இரண்டாம் வகை, பிராண வாயுவோ நரம்பு வழி மருந்தோ ஓடிக்கொண்டிருப்பவர், நிலைமை மோசமாகலாம் என்று மருத்துவர் கருதுகிறவர். இவருடன் பயிற்சி பெற்ற தாதியோ மருத்துவ உதவி அதிகாரியோ வர வேண்டும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் பிராண வாயுவின் அளவு மூன்றையும் தொடர்ந்து காட்டும் மானிட்டர் இருக்க வேண்டும். சளியை உறிஞ்சும் கருவியும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியும் வேண்டும்.

மூன்றாம் வகை, செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்ப் வழியாக ஓடுகிறவர். இவருடன் அந்தக் கருவிகளைக் கையாளத் தெரிந்த மருத்துவரும் தாதியும் வர வேண்டும். தொண்டையில் செருகிய குழாய் வண்டியின் குலுக்கலில் நழுவினால், அதைத் திரும்பப் பொருத்தத் தெரிந்தவர் அந்த வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பம்ப், மானிட்டர், சுவாசக் கருவி அனைத்தும் பேட்டரியில் ஓடுபவை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் பிராண வாயுக் கணக்கைப் போலவே ஒரு கணக்குத்தான்.

இந்த நோயாளி எந்த வகை என்பதைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். வண்டிக்காரரிடம் கேட்கக்கூடாது. குடும்பத்தினரும் ஊகிக்கக்கூடாது. "டாக்டர், அப்பாவுடன் யார் வர வேண்டும்? என்னென்ன கருவி வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே ஆம்புலன்ஸ் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும்.

வேகமும் நிதானமும்

ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சைரனால் மிச்சமாகும் நேரம் பெரும்பாலான பயணங்களில் சில நிமிடங்கள்தான். ஆனால் அந்த வேகத்தில் விபத்து அபாயம் கூடுகிறது. உள்ளே தாதியால் நிற்க முடிவதில்லை, ஊசி போட முடிவதில்லை. ஆகவே புறப்படுவதற்கு முன்பே நோயாளியின் மூச்சும் இரத்த அழுத்தமும் நிலைப்படுத்தப்பட வேண்டும். கட்டிலில் அரை மணி நேரத்தில் செய்யக்கூடியதை ஓடும் வண்டிக்குள் செய்வது பல மடங்கு கடினம்.

உண்மையாகவே நேரம் உயிராக இருக்கும் நோய்களும் உண்டு. மாரடைப்பில் இரத்தக்குழாய் முழுதாக அடைத்துவிட்டால், அடைப்பை நீக்கும் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் ஏறக்குறைய 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடியுமா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் மருந்தை இருக்கும் இடத்திலேயே கொடுத்துவிட்டுப் பிறகு அனுப்புகிறார்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு நான்கரை மணி நேரம். இத்தகைய நோயாளிக்கு, விலை பேசிப் பேசி ஒரு மணி நேரம் கழிப்பதைப் போன்ற நட்டம் வேறில்லை. மருத்துவமனை தன் வண்டியையே தருவதாகச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வதுதான் அறிவு.

கையெழுத்துக்கு முன்னால்

இந்த நாட்டில் மருத்துவமனை மாற்றத்துக்கு நோயை விடப் பணமே காரணமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. அவசரத்தில் அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இரண்டு நாளில் சேமிப்பு கரைகிறது. மூன்றாம் நாள், சொந்தப் பொறுப்பில் வெளியேறுவதாகக் கையெழுத்துப் போட்டு, கிடைத்த வண்டியில் ஏற்றி, அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் போய் இறக்குகிறார்கள். அந்தக் கையெழுத்தின் விலை பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவர் மருத்துவரிடம் பேசி ஒப்படைக்கும் சங்கிலி அங்கே அறுந்துபோகிறது. கட்டில் ஒதுக்கப்பட்டிருக்காது. நோயாளி புதிதாக வந்தவரைப் போல வரிசையின் தொடக்கத்தில் நிற்கிறார்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, பணக் கஷ்டத்தை முதல் நாளே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்வது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவு, உயிர்காக்கும் அவசர சிகிச்சையை அளிக்கக்கூடிய நிலையில் தனியார் மருத்துவமனைகள் எந்நேரமும் இருக்க வேண்டும் என்கிறது. உயிராபத்து நீங்கிய பிறகு, மருத்துவர் அரசாங்க மருத்துவமனை மருத்துவருடன் தொலைபேசியில் பேசி, அவர் ஏற்றுக்கொண்டு, கட்டில் உறுதியான பின் அனுப்புவதுதான் முறையான வழி. அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் காத்திருப்பும் முதல் நாளே தொடங்கியிருக்கும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

புறப்படுவதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் நிதானமாக இருந்து ஐந்து கேள்விகளுக்கு விடை வாங்க வேண்டும்.

ஒன்று, அந்தப் பக்கம் நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவர் யார், எந்த வார்டு?

இரண்டு, வண்டியில் ஓட்டுநரைத் தவிர யார் வருகிறார்கள், அவருடைய தகுதி என்ன?

மூன்று, மருத்துவர் தாளில் எழுதிய கருவிகள் எல்லாம் இருக்கின்றனவா, பிராண வாயுவும் பேட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும்?

நான்கு, வழியில் நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனையில் நிறுத்துவார்கள், யாரைக் கூப்பிடுவார்கள்?

ஐந்து, சொன்ன விலையில் பிராண வாயு, தாதி, டோல், காத்திருப்பு நேரம், மாடியிலிருந்து இறக்கும் கூலி எல்லாம் அடக்கமா? ரசீது உண்டா? காப்புறுதி இருந்தால் ஆம்புலன்ஸ் செலவை அது ஏற்குமா?

தொலைபேசியில் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். "அதெல்லாம் இருக்குங்க, கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்பவரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும். மலேசிய செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற தொண்டு அமைப்புகளிடமும் ஆம்புலன்ஸ் வண்டிகள் உண்டு. கட்டணத்துக்காகத் தயங்குவோர் அவர்களிடமும் விசாரிக்கலாம். கேள்விகள் மட்டும் அங்கேயும் இவையேதான்.

நோயாளியுடன் போக வேண்டிய தாள்களையும் மறந்துவிடக்கூடாது. பரிந்துரைக் கடிதம், இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், கடைசியாகக் கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும், ஒவ்வாத மருந்துகளின் பெயர், அடையாள அட்டை. இவையெல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும். அந்த உறை நோயாளியுடன் வண்டியிலேயே போக வேண்டும். பின்னால் காரில் வரும் மகனின் கையில் இருந்தால், கார் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போது மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சிகிச்சை செய்ய நேரிடும். பின்தொடரும் கார் ஆம்புலன்ஸை விரட்டிப் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. அப்படி விரட்டுவது இரண்டாவது விபத்துக்கு அழைப்பு.

ஈப்போக் குடும்பத்துக்குத் திரும்பினால், அவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இரண்டு நிறுவனங்களிடமும் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. இரு மடங்கு விலை கேட்டவர் பெரிய உருளையும் தாதியும் மானிட்டரும் வைத்திருந்தால், அந்த வித்தியாசம் எதற்கென்று அவர்களுக்கே புரிந்துவிடும். தந்தை தேறி, பிராண வாயு தேவைப்படாத நாள் வரை காத்திருக்க முடிந்தால், பாதி விலை வண்டியே போதும் என்று மருத்துவரே சொல்லக்கூடும்.

தந்தை பீடோரைத் தாண்டி, தஞ்சோங் மாலிமைத் தாண்டி, கோலாலம்பூரில் தமக்காகக் காத்திருக்கும் கட்டிலில் மூச்சுத் திணறாமல் போய்ப் படுக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு ஈப்போவிலேயே, வண்டி நகரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.