பழைய வண்டியும் பழுதறியும் கலையும்



பழைய மோட்டார் சைக்கிளைப் பேணிப் பழுதுபார்ப்பது வெறும் கைத்தொழில் என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். அஃது ஓர் அறிவுப் பயிற்சியும் ஆகும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

நான் வாழும் சிந்தாதிரிப்பேட்டை கைத்தொழிலால் பிறந்த ஊர். 1734 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கூவம் ஆற்றின் வளைவில் நெசவாளரைக் குடியமர்த்தினர். ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே நாளடைவில் இப்பெயராயிற்று என்பர். தறியின் ஓசை ஓய்ந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால், ஆற்றைக் கடந்து புதுப்பேட்டைக்குச் சென்றால், சுத்தியலும் அரமும் எழுப்பும் ஓசையைக் கேட்கலாம். பழைய வண்டிகளைப் பிரித்து, பாகம் பாகமாக விற்கும் கடைகள் அங்கே தெருத்தெருவாக உள்ளன.

எடுத்துக்காட்டாக என்பீல்டு புல்லட் வண்டியை எடுத்துக்கொள்வோம். சாலையிலும் சாலையற்ற மேட்டுநிலத்திலும் ஒருங்கே ஓடும் வண்டிகள் இன்று தனி இனமாகவே விற்கப்படுகின்றன. அப்பெயரெல்லாம் தோன்றுவதற்கு முன்பே புல்லட் அவ்வேலையைச் செய்தது. 1948 இல் இத்தாலியில் நடந்த கடினமான பன்னாட்டு ஆறுநாள் போட்டியில், வெற்றி பெற்ற பிரிட்டிஷ் அணியினருள் இருவர் புல்லட்டிலேயே சென்றனர். 1955 இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி ‘என்பீல்டு இந்தியா’வை நிறுவின. திருவொற்றியூரில் உருவான வண்டிகள் இந்திய இராணுவத்தினரைச் சுமந்து மலைப்பாதைகளிலும் ஏறின. இங்கிலாந்தில் தயாரிப்பு நின்ற பின்னரும், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் சென்னையில் பல்லாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டது.

அதன் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் சூத்திரத்தில் இவற்றை இட்டுப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். மக்கள் ‘முந்நூற்றைம்பது’ என்று சொல்லும் எஞ்சினின் உண்மையான அளவு இதுவே. பள்ளிக் கணக்கு இவ்வாறு இரும்பில் உயிர் பெறுவதைக் காண்பது ஓர் இன்பம் அன்றோ?

பழுது பார்ப்பதற்கு முறை ஒன்று உண்டு. நோயையும், அதன் காரணத்தையும், தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் வகுத்தார். இயந்திரத்துக்கும் இவ்வரிசையே பொருந்தும். பலர் முதல் மூன்றையும் விட்டு நான்காவதற்குத் தாவுகின்றனர். காரணம் அறியாமல் பாகத்தை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

என் அனுபவத்தில் ஒன்றைக் கூறுகிறேன். என்னிடமுள்ள 1986 ஆம் ஆண்டு வண்டி, பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடத் தொடங்கியது. கால் மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் கிளம்பும். கார்புரேட்டரையே புதிதாக மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் கூறினர். ஆனால் குளிர்ந்தபோது நன்றாக ஓடி, சூடானதும் நிற்பது ஏன் என்ற வினாவுக்கு அவர்களிடம் விடை இல்லை.

இதற்குக் காரணங்கள் சிலவே இருக்க முடியும். பெட்ரோல் தொட்டியின் மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டிருக்கலாம். எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். புகாவிடில் பெட்ரோல் கீழே இறங்காது. இதைச் சோதிப்பது எளிது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பெட்ரோலை இறங்கவிட்டு உதைத்துப் பார்க்க வேண்டும். கிளம்பினால் குறை மூடியில் என்று அறியலாம். என் வண்டி கிளம்பவில்லை.

அடுத்து மின்பொறியைப் பார்த்தேன். மூடியை மீண்டும் இறுக்கி, பெட்ரோல் ஆவி சூழாத வகையில் பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடலை எஞ்சினில் படவைத்து உதைத்தபோது, பொறி மங்கலாகச் சிவந்து தோன்றியது. பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளுக்கிடையே நீலச் சுடர் தெறித்தது. குற்றவாளி அகப்பட்டான், அவன் பெயர் கண்டென்சர்.

அதன் தொழிலை அறிந்தால் இச்சோதனை விளங்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் பிரிந்ததும் அப்புலம் சட்டென்று குலைய வேண்டும். அது விரைந்து குலைந்தால்தான், பிளக்கில் பொறி தெறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். பிரியும் முனைகளுக்கிடையே மின்னோட்டம் தாவ முயலும்போது, அதைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அதன் உட்காப்பு நலிந்திருந்தால், சூடேறியதும் தொழில் தவறும், ஆறியதும் மீளும். விரலளவுகூட இல்லாத அப்பொருளை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. இயற்பியல் நூலில் படித்த பாடமே என் செலவைக் குறைத்தது.

இவ்வெஞ்சினில் வியப்புக்குரிய மற்றொன்று டேப்பெட் ஒழுங்கு. வால்வுகளைத் திறக்கும் தண்டுகளுக்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி சிறிதும் இருத்தலாகாது. ஆனால் விரலால் உருட்டினால் தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். இறுக்கினால் வால்வு முழுதும் மூடாமல் எரிந்து கெடும்; தளர்த்தினால் ‘டக் டக்’ என்று ஒலிக்கும். அளவுகோலினும் விரல்நுனியின் உணர்வே இங்கு வழிகாட்டி. இதை நூலால் மட்டும் கற்க இயலாது. தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் அருகில் நின்று, அவர் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

பழைய பாகம் வாங்குவதிலும் பகுத்தறிவு வேண்டும். மட்கார்டு, பக்கமூடி, தாங்கிகள் முதலியவற்றைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், செயின், டயர் ஆகியவற்றைப் புதியனவாகவே வாங்க வேண்டும். இவை தேய்வதற்கென்றே அமைந்தவை. இவற்றில் மீதம் பிடிக்கும் பணம் உயிருக்கு ஈடாகாது. எதை வாங்கினும் ரசீது கேட்டுப் பெறுங்கள். திருட்டு வண்டியின் பாகம் நம் வண்டியில் ஏறிவிடாமல் காப்பதும் பேணுதலில் அடங்கும்.

சென்னைவாசிகள் மறவாதிருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரை வெள்ளம் சூழ்ந்தபோது எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. நீரில் மூழ்கிய வண்டியை உடனே உதைப்பது பெருந்தவறு. காற்றை அமுக்கலாம், நீரை அவ்வாறு அமுக்க முடியாது. சிலிண்டரில் புகுந்த நீரைப் பிஸ்டன் முட்டினால் அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் கலந்துவிட்டது என்று அறிந்து முழுவதும் மாற்ற வேண்டும்.

இன்னொரு மாற்றமும் வந்துள்ளது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே குழாய்களை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். தொட்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடலாகாது.

பழையது என்பதனாலேயே எல்லாம் போற்றத்தக்கன என்று நான் கூறவில்லை. புகை கக்கும் வண்டி நம் மூச்சுக்குப் பகை. பதினைந்து ஆண்டுகள் கடந்த சொந்த வண்டியைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அச்சோதனையைச் சுமையென்று எண்ணாமல், நம் வேலையை மற்றொருவர் திருத்திப் பார்க்கும் தேர்வாகக் கொள்ள வேண்டும். சட்டம் வெடித்துவிட்ட வண்டியை ஒட்டவைத்து ஓட்டுவது சிக்கனம் அன்று. அதற்கு விடை கொடுப்பதே அறிவு.

1955 இல் தொடங்கிய அம்மரபில் வந்த நிறுவனமே 2016 இல் இமாலயன் என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் 411 கன சென்டிமீட்டர் எஞ்சினும், 2023 இல் புதிய எஞ்சின் வந்த பின் பழையதாகிவிட்டது. பிற்காலத்து வண்டிகளில் பாயிண்டும் கண்டென்சரும் இல்லை; உணர்கருவிகளும் மின்னணுப் பெட்டியும் உள்ளன. பழுதைக் குறியீட்டெண்ணாக அவையே காட்டும். எனினும் அந்த எண், குறை எவ்விடத்தில் என்று காட்டுமேயன்றி, அது ஏன் நேர்ந்தது என்று கூறாது. அறுந்த கம்பியா, நீர் புகுந்த இணைப்பா என்று ஆராய வேண்டியவர் மனிதரே.

மாணவர்களே! உங்கள் வீட்டில் பழைய வண்டி ஒன்று நின்றால், பெரியோர் துணையுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் செயினைத் துடைத்து எண்ணெயிடுவதிலிருந்து தொடங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகையும் வரிசையாகத் துணியில் வையுங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைப் பாருங்கள். இது பட்டறையின் ஒழுங்கு. ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கும் இதுவே. கையில் கறை படிவதற்கு நாணாதவருக்கு இரண்டு கதவுகளும் திறந்திருக்கும்.